பேய் எங்கே நிற்கிறது, அடி எங்கே விழுகிறது

‘பிரமயுகம்’ படத்தில் பகடை ஆடும் காட்சி ஒன்று வரும். காட்டில் வழி தவறி அலைந்த பாணன் தேவன், பசியோடு ஒரு பாழடைந்த மனைக்கு வந்து சேர்கிறான். வீட்டுக்காரரான கொடுமண் போற்றி அவனுக்குச் சோறு போடுகிறார், பாடச் சொல்லிக் கேட்கிறார். அப்புறம் ஒருநாள் பகடைக் காய்கள் வெளியே வருகின்றன. பந்தயம் வைக்கத் தன்னிடம் எதுவுமே இல்லை என்கிறான் தேவன். உன் காலத்தை வை என்கிறார் போற்றி. யாரும் கத்துவதில்லை. கதவு படாரென்று சாத்துவதில்லை. போற்றியாக நடிக்கும் மம்மூட்டி காய்களை உருட்டுகிறார், முகத்தில் மெல்லச் சிரிப்பு வருகிறது. தியேட்டரில் என் பக்கத்தில் இருந்தவர் பாப்கார்னை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டார். எனக்கும் முதுகு சில்லிட்டது. இவன் இனி இந்த வீட்டை விட்டு வெளியே போக மாட்டான் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவனுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை.

ராகுல் சதாசிவன் இயக்கி 2024 பிப்ரவரியில் வந்த மலையாளப் படம் அது. முழுக்கக் கறுப்பு வெள்ளை. மொத்தமே நாலைந்து பாத்திரங்கள், ஒரு வீடு, விடாத மழை. கதை 17ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. இவ்வளவு குறைந்த பொருட்களை வைத்துக்கொண்டு அந்தப் படம் எப்படி இவ்வளவு பயமுறுத்தியது என்று வெகுநாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, எனக்குப் பிடித்த சண்டைப் படங்களும் அதே காரணத்தால்தான் பிடித்திருக்கின்றன என்று தெரிந்தது.

எங்கள் வீட்டில் இப்போது காதல் படம், குடும்பப் படம் என்றால் ஓடிடியில் வரட்டும் என்று விட்டுவிடுகிறோம். தியேட்டருக்குப் போவது பெரும்பாலும் பேய்ப் படத்துக்கும் சண்டைப் படத்துக்கும்தான். பெரிய திரை, நாலு பக்கமும் சத்தம், முன்பின் தெரியாத நானூறு பேரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது, இதெல்லாம் வீட்டில் கிடைக்காது. பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த இரண்டு வகைப் படங்களும் எப்படி வேலை செய்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்று கொஞ்சம் விரிவாக எழுதத் தோன்றுகிறது.

முதலில் பயத்தைப் பார்ப்போம். சத்தத்தை வைத்துத் தூக்கிப்போட வைப்பது மிகச் சுலபம். நாலைந்து நொடி இசையை நிறுத்துகிறார்கள், பாத்திரம் மெதுவாக ஒரு அலமாரிப் பக்கம் திரும்புகிறது, காது பிளக்கும்படி ஒரு சத்தம், கூடவே ஒரு முகம். நாம் குதிக்கிறோம். முதுகுக்குப் பின்னால் யாராவது தட்டைக் கீழே போட்டாலும் இப்படித்தான் குதிப்போம். உடம்பு தானாகச் செய்கிற வேலை அது, அதில் கதைக்கு எந்தப் பங்கும் இல்லை. இரண்டு மூன்று முறை இப்படி நடந்துவிட்டால், இசை நின்றதுமே காது தயாராகிவிடும். அதற்குப் பிறகு படம் எவ்வளவு கத்தினாலும் பயம் வராது, தலைவலிதான் வரும். நான் அடிக்கடி போகும் தியேட்டர் ஒன்றில் பேய்ப் படம் என்றாலே சத்தத்தை இன்னும் ஒரு படி ஏற்றி வைப்பார்கள். முன் வரிசையில் இருந்த குழந்தை ஒன்று இரண்டு மணி நேரமும் காதைப் பொத்திக்கொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதிர்ச்சி வேறு, பயம் வேறு. என்ன நடக்கப்போகிறது என்று நமக்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், எப்போது நடக்கும் என்பது தெரியாமல் இருக்க வேண்டும், நடுவில் நம்மைக் காத்திருக்க விட வேண்டும். அப்போதுதான் பயம் பிடிக்கிறது. அஜய் ஞானமுத்துவின் ‘டிமான்ட்டி காலனி’ 2015இல் வந்தபோது அதன் இரண்டாம் பாதி இதைத்தான் செய்தது. நாலு நண்பர்கள் ஒரு அறைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த அறையில் ஒரு டிவி. டிவியில் ஓடும் படத்தில் அவர்களே இருக்கிறார்கள், அடுத்து யாருக்கு என்ன நேரும் என்பதும் அதிலேயே வருகிறது. சென்னை ஆழ்வார்பேட்டையில் ஜான் டி மான்டி என்ற போர்ச்சுகீசிய வணிகரின் பெயரால் நிஜமாகவே இருக்கும் தெருவைப் பற்றி ஊரில் உலவிய கதைகளிலிருந்துதான் படம் தொடங்குகிறது. ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அந்தத் தெருவில் உள்ள பேய் பங்களா அல்ல, அந்தச் சின்ன அறைதான். கட்டில் எங்கே, கதவு எங்கே, டிவி எங்கே என்று பத்து நிமிடத்தில் நமக்கு மனப்பாடமாகிவிடுகிறது. அதற்கப்புறம் அந்த அறையில் ஒரு மூலை இருட்டினாலே போதும். 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்த இரண்டாம் பாகம் பெரிய படம், கதையும் பல இடங்களுக்குப் போகிறது. உழைப்பு தெரிந்தது, சில காட்சிகள் நன்றாகவே இருந்தன. ஆனாலும் எனக்கு அந்த அறைதான் வேண்டியிருந்தது.

ராகுல் சதாசிவனின் முந்தைய படமான ‘பூதகாலம்’ இன்னும் சின்னது. அம்மாவாக ரேவதி, மகனாக ஷேன் நிகம், நம் தெருவில் இருப்பதைப் போன்ற ஒரு சாதாரண வீடு. பேய் இருக்கிறதா, மகனுக்கு மனநிலை சரியில்லையா என்று அம்மாவுக்கே சந்தேகம். கடைசிப் பகுதி வரை படம் எதையும் கண்ணில் காட்டாது. 2022இல் அது நேராக ஓடிடிக்கு வந்ததால் தியேட்டரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சரி, சண்டைக்கு வருவோம். 2019 தீபாவளிக்கு ‘பிகில்’ படத்தோடு ஒரே நாளில் வந்தது ‘கைதி’. ஒரு இரவுக்குள் முடியும் கதை. பாட்டு கிடையாது, கதாநாயகி கிடையாது. சிறையிலிருந்து வெளியே வந்து, இதுவரை பார்த்தேயிராத மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கும் டில்லி என்ற மனிதன், மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை லாரியில் ஏற்றி ஓட்ட வேண்டியிருக்கிறது. எல்லோரும் அந்த லாரியைப் பற்றித்தான் பேசினார்கள். என்னை உலுக்கியது மறுபக்கத்தில் நடக்கும் கதை. திருச்சியில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றில் இயங்கும் போலீஸ் அலுவலகம். அன்றைக்குத்தான் அங்கே வேலைக்கு வந்து சேர்ந்த நெப்போலியன் என்ற வயதான கான்ஸ்டபிள், ஜார்ஜ் மரியான். கூட இருப்பது கேஸில் மாட்டி வந்த சில கல்லூரிப் பிள்ளைகள். வெளியே ஒரு கும்பலே நிற்கிறது. கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துகிறார்கள், கையில் கிடைத்த சாமான்களை எல்லாம் இழுத்து வந்து முட்டுக் கொடுக்கிறார்கள்.

அந்தக் காட்சிகளைத் தனியாக வெட்டி எடுத்து யாரிடமாவது காட்டினால் பேய்ப் படம் என்றே சொல்வார்கள். ஒரு கட்டடம், உள்ளே சிலர், வெளியே ஏதோ ஒன்று, கதவு எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்வி. எந்தக் கதவு பலவீனமானது என்று நமக்குத் தெரியும். லாரி வந்து சேர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் ஏறக்குறையத் தெரியும். சண்டை இயக்கிய அன்பறிவ் இரட்டையர்களுக்கு ‘கே.ஜி.எஃப்.’ படங்களுக்காகத் தேசிய விருது கிடைத்திருக்கிறது. அவர்கள் திறமையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் கைதியில் அடி வலிப்பதற்குக் காரணம் கைவித்தை மட்டும் அல்ல. டில்லி பிரியாணியைப் பிசைந்து அள்ளி அள்ளிச் சாப்பிடுவதை அதற்கு முன்பே நமக்குக் காட்டியிருக்கிறார்கள். பல வருடப் பசி அந்தக் கையில் இருக்கிறது. அதே கை பிற்பாடு அடிக்கும்போது, அந்த உடம்புக்கு எவ்வளவு கனம் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும்.

கனம் என்பதை நான் வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒரு குத்து விட்டதும் எதிராளி பத்தடி பறந்து ஜீப் கண்ணாடியில் மோதுகிறான் என்றால், அவனை ரோப் கட்டி இழுத்திருக்கிறார்கள். கயிற்றைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்கள். டூப் போடும் கலைஞர்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற வேலை அது, குறை சொல்ல மனம் வராது. ஆனால் விழுகிற உடம்பு தரையில் எப்படி விழ வேண்டுமோ அப்படி விழாவிட்டால், கண் அதை நம்புவதில்லை. அதை மறைக்க ஒரு நொடிக்கு ஒரு வெட்டு, நடுவில் ஸ்லோ மோஷன், மேலே பின்னணி இசை. சண்டை முடிந்த பிறகு யார் எங்கே நின்றார்கள், எந்தப் பக்கம் வாசல் என்று யோசித்துப் பாருங்கள். பல படங்களில் சொல்லவே முடியாது. இடம் தெரியாவிட்டால் ஆபத்தும் தெரியாது. ஆபத்து இல்லாத சண்டை எனக்கு வெறும் சத்தமாகத்தான் கேட்கிறது.

பேயையும் போரையும் சேர்த்து ரசிப்பது நமக்கு இன்று நேற்று வந்த பழக்கம் கிடையாது. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி முழுக்கவே போரும் பேயும்தான். முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற கதை. ஆனால் அந்தக் கதை நமக்கு வந்து சேர்வதே பேய்கள் வழியாகத்தான். பசியில் வாடும் பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன, போர் நடந்த சேதி வருகிறது, எல்லாம் முடிந்ததும் களத்திலேயே கூழ் சமைக்கின்றன. பார்ப்பனப் பேய்க்கு ஊற்று, சமணப் பேய்க்கு ஊற்று, குருட்டுப் பேய்க்கு ஊற்று, ஊமைப் பேய்க்கு ஊற்று என்று பந்தி நடக்கிறது. படிக்கும்போது அருவருப்பும் வரும், சிரிப்பும் வரும். ‘முனி’, ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ என்று பேயையும் நகைச்சுவையையும் கலந்து எடுத்தபோது, இது என்ன புதுக் கூத்து என்று பலர் சலித்துக்கொண்டார்கள். கலவை பழையதுதான். பரணியில் அந்தச் சிரிப்பு பேய்களின் பசியிலிருந்தே பிறக்கிறது, அதனால் பயம் கெடுவதில்லை. இப்போதைய படங்கள் பலவற்றில் நகைச்சுவை நடிகர்கள் தனியாக வந்து தனியாகப் போகிறார்கள், அவர்கள் போன பிறகு பேய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. என் குறை அவ்வளவுதான்.

அதே போல, நம் பேய்க்கு ஒரு முன்கதை இருந்தே ஆக வேண்டும். அநியாயமாகச் செத்த ஒருத்தி, நியாயம் கேட்டுத் திரும்பி வருவாள். இதையும் பலர் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர் நீலி கதையே அதுதான். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தேடி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். ஊர்ச் சபையில் கண்ணீர் விட்டு, இவர் என் கணவர், என்னைக் கைவிடுகிறார் என்கிறாள். எழுபது வேளாளர்கள் அவளை நம்புகிறார்கள். உன் உயிருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் உயிர் கொடுக்கிறோம் என்று வணிகனுக்கு வாக்குக் கொடுத்து, இரண்டு பேரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். இரவில் கதவு சாத்தப்படுகிறது.

அவள் பேய் என்பது கேட்கிற நமக்குத் தெரியும், வணிகனுக்கும் தெரியும். எழுபது பேருக்குத் தெரியாது. விடிந்ததும் வணிகன் பிணமாகக் கிடக்க, சொன்ன சொல்லைக் காப்பாற்ற எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். ‘நீலிக் கண்ணீர்’ என்று நாம் இன்றும் சொல்வது இந்தக் கதையை வைத்துத்தான். இதில் திடுக்கிட வைக்கும் இடம் ஒன்றுகூடக் கிடையாது. நமக்குத் தெரிந்ததை ஊரிடம் சொல்ல முடியாமல் நாம் தவிப்பதுதான் அதில் உள்ள பயமெல்லாம். பகடைக் காட்சியில் எனக்கு நடந்ததும் இதுவே.

2025 ஆகஸ்டில் வந்த ‘லோகா’ இன்னொரு நீலியை எடுத்துக்கொண்டது. கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு இருப்பது நாகர்கோவில் பக்கம், ஆனாலும் அந்த யட்சிக் கதை மலையாளிகளுக்குத்தான் நம்மைவிட நன்றாகத் தெரியும். டொமினிக் அருண் அந்த நீலியை இன்றைய பெங்களூருக்குக் கூட்டிவந்து, கல்யாணி பிரியதர்ஷனை வைத்து அடிதடி நாயகி ஆக்கிவிட்டார். பேயாக இருந்தவள் நமக்காகச் சண்டை போடுகிறாள். நம் டான்ஸ் மாஸ்டர் சாண்டி அதில் போலீஸ் வில்லனாக வந்து நிஜமாகவே கிலி கிளப்பினார். படத்தின் கடைசிப் பகுதி எனக்கு வழக்கமான சூப்பர் ஹீரோ படம்போலவே இருந்தது. ஆனால் நீலியின் சிறு வயதுக் கதை, காடு, குகை, வௌவால்கள் வருகிற பகுதி தனியாக நிற்கிறது. கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு அவள் கை ஓங்கினால், அந்த அடிக்கு அர்த்தம் கூடிவிடுகிறது.

நேர் எதிர்த் திசையில் போனது ‘கில்’ என்ற இந்திப் படம். நிகில் நாகேஷ் பட் இயக்கியது, தியேட்டருக்கு வந்தது 2024 ஜூலையில். டெல்லிக்குப் போகும் ரயில், உள்ளே கொள்ளைக் கூட்டம், எதிர்த்து நிற்பது ஒரு ராணுவக் கமாண்டோ. ரயில் பெட்டி நமக்கெல்லாம் தெரிந்த இடம், நடைபாதையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். கையை வீசக்கூட அங்கே இடமில்லை. மேல் பெர்த்தும் கழிவறைக் கதவும் ஆயுதமாகின்றன. படம் ஏறக்குறைய பாதி ஓடிய பிறகு, ஒரு சாவுக்கு அப்புறம்தான், தலைப்பே திரையில் வருகிறது. அதிலிருந்து நாயகன் ஆளே மாறிப்போகிறான். கொன்றவர்களின் உடல்களைப் பெட்டியில் தொங்கவிடுகிறான். அதைப் பார்த்து நடுங்குவது கொள்ளைக்காரர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே குடும்பத்துக்காரர்கள், அண்ணன், தம்பி, சித்தப்பா, மாமன். ஒருவன் செத்தால் இன்னொருவன் உட்கார்ந்து அழுகிறான். அடியாட்களுக்கு அழ ஆள் இருப்பதை எத்தனை சண்டைப் படங்களில் பார்த்திருக்கிறோம்? நாயகனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்த தியேட்டர் அந்த அழுகையின்போது அமைதியாகிவிட்டது. சண்டைப் படம் பேய்ப் படமாக மாறிய கணம் அது, பேய் நாயகன்தான்.

கொலையை எண்ணிக்கையாக்கிவிட்ட படங்களைப் பார்க்கும்போது இந்த அழுகையைத்தான் தேடுகிறேன். கைதியின் கடைசியில் ஒரு பெரிய துப்பாக்கி வந்தது, அந்த இடத்தில் அது பொருத்தமாகவே இருந்தது. ‘விக்ரம்’ படத்தில் பீரங்கியே வந்தது. அதற்குப் பிறகு கடைசிக் காட்சிக்குப் பெரிய ஆயுதம் கட்டாயம் என்றாகிவிட்டது. அதே விக்ரமில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது பீரங்கியையா? ஏஜென்ட் டீனாவைத்தானே. வீட்டு வேலைக்கார அம்மாவாக ஓரமாக வந்துபோய்க்கொண்டிருந்தவர், ஆட்கள் வீட்டுக்குள் புகுந்ததும் திரும்பி நிற்கிறார். பல வருடம் தமிழ்ப் படங்களில் குழு நடனக் கலைஞராக இருந்த வசந்திதான் அவர். தியேட்டரே எழுந்து கத்தியது. அந்த வீட்டின் கூடமும் அறைகளும் நமக்கு ஏற்கெனவே பழக்கம், அந்த அம்மாவும் பழக்கம். செலவு என்று பார்த்தால் பீரங்கிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

ரத்தம் கூடிக்கொண்டே போவதற்கு இன்னொரு விளைவும் உண்டு. 2024 டிசம்பரில் வந்த ‘மார்கோ’ ஏ சான்றிதழ் வாங்கிய படம், தொலைக்காட்சியில் காட்ட அதற்குத் தணிக்கை வாரியம் அனுமதி மறுத்தது. ரஜினிகாந்தின் ‘கூலி’ படத்துக்கும் 2025இல் ஏ கிடைத்தது, அதை மாற்றக் கேட்டுத் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றம் போனபோது மனு தள்ளுபடியானது. இப்போது யுஏ சான்றிதழையே 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஏ படத்துக்கு ஒரு தியேட்டரில் ஐந்து வயதுக் குழந்தையோடு வந்தவர்களை வாசலில் யாரும் கேட்காமல் உள்ளே விட்டதை நான் பார்த்தேன். ஒரு தலை வெட்டப்படும் காட்சியில் அந்த அப்பா குழந்தையின் கண்ணைக் கையால் மூடினார். காது திறந்துதான் இருந்தது.

கடைசியாக, இடைவேளை. சண்டைப் படங்களுக்கு அது வரம். முதல் பாதி முழுவதையும் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு பெரிய சண்டையில் நிறுத்தி, ‘இடைவேளை’ என்று எழுத்துப் போட்டால், மக்கள் விசிலோடு வெளியே வந்து டீ குடித்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசுவார்கள். பேய்ப் படத்துக்கு அது சாபம். ஒரு மணி நேரம் பாடுபட்டுக் கட்டிய இருட்டை, விளக்கைப் போட்டதும் கலைத்துவிடுகிறார்கள். சமோசாத் தட்டு, விளம்பரம், போனில் வந்த மிஸ்டு கால். திரும்பி உட்காரும்போது பேய் பழையபடி முதல் படியில் நிற்கிறது. அஸ்வின் சரவணன் 2022இல் நயன்தாராவை வைத்து எடுத்த ‘கனெக்ட்’ இதற்காகவே இடைவேளை இல்லாத 99 நிமிடப் படமாக உருவானது. அந்த யோசனையை மற்றவர்களும் கையில் எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் பேய்ப் படம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் இடைவேளையில் நான் எழுந்து போவதில்லை. பிரமயுகத்துக்கும் அப்படித்தான் செய்தேன். கூட வந்த தம்பி, ‘அண்ணா, டீ வாங்கிட்டு வரட்டுமா?’ என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மறுபடி விளக்கணையும் வரை திரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பகடையில் தோற்றவன் இன்னும் அந்த வீட்டுக்குள்தான் இருந்தான்.